கட்டணம் இல்லாத ஏடிஎம்

விமான நிலையத்தில் மட்டும் பணம் மாற்றிவிடாதீர்கள் மாப்பிள்ளை. மற்றதெல்லாம் பிறகு. நம் பக்கமும் சரி, அங்கே போய் இறங்கிய பிறகும் சரி, கண்ணாடிக் கூண்டுக்குள் உட்கார்ந்துகொண்டு ‘கமிஷன் இல்லை’ என்று எழுதிப் போட்டிருப்பான். கமிஷன் இல்லாமல் அவன் எதற்கு அங்கே வந்து உட்கார்ந்திருக்கிறான்? விலையிலேயே அடித்துவிடுவான்.

உட்காருங்கள். அந்த நாற்காலி ஆடும், இதில் உட்காருங்கள். உங்கள் மாமனார் காலையிலேயே எதிர்வீட்டு வாசலில் நின்று சொன்னார். “மாப்பிள்ளையும் சுகந்தியும் வியட்நாம் போறாங்க. நீங்க போயிட்டு வந்த ஆளு. அஞ்சு நிமிஷம் விவரம் சொல்லி விடுங்க” என்றார். ஐந்து நிமிஷத்தில் சொல்கிற விவரமா இது? முப்பத்தொரு வருஷம் காசாளராக இருந்தவன் நான். பெரிய வங்கி இல்லை, சின்னக் கூட்டுறவு வங்கிதான். ஆனாலும் ஒரு வங்கி எந்தெந்த இடத்தில் நம் சட்டைப்பைக்குள் கை விடும் என்று உள்ளே இருந்தவனுக்குத்தான் தெரியும்.

காபி வரும். என் வீட்டுக்காரி செண்பகவல்லி போட்டுக்கொண்டிருக்கிறாள். கொஞ்சம் நேரமாகும். வலது கை மணிக்கட்டு கோணிப்போய்விட்டதால் எல்லாம் இடது கையால்தான். அதைப் பற்றியும் சொல்கிறேன். அதைச் சொல்லாமல் இதைச் சொல்ல முடியாது.

அங்கே ஏடிஎம் உங்களை இரண்டு கேள்வி கேட்கும். ஒன்று, உங்கள் ஊர்ப் பணத்திலேயே கணக்குப் போடட்டுமா என்று. ரூபாயைத் திரையில் பார்த்ததும் நமக்குச் சொந்தக்காரனைப் பார்த்த மாதிரி இருக்கும். ஏமாந்துவிடாதீர்கள், அதிலும் விலையில் அடித்துவிடுவான். ‘இல்லை’ என்று அழுத்துங்கள். அழுத்தினாலும் பணம் வரும். இரண்டாவது கேள்வி, இந்த மிஷினுக்கு இவ்வளவு கட்டணம், சம்மதமா என்று. இதற்கும் ‘இல்லை’ என்று அழுத்தலாம். ஆனால் கார்டு வெளியே வந்துவிடும், பணம் வராது. வேறு மிஷினைப் பார்த்துப் போக வேண்டியதுதான். கட்டணமே பிடிக்காத மிஷின் ஊருக்கு ஒன்றிரண்டு இருக்கிறது. தேடினால் கிடைக்கும்.

நாங்கள் ஏஜென்ட் மூலம் போகவில்லை. கும்பலாகப் போனால் ஆளுக்கு எட்டாயிரம் ஏஜென்ட்டுக்கே போய்விடும். டிக்கெட், ஓட்டல் எல்லாம் நானே போனில் பார்த்துப் போட்டேன். டா நாங் என்று கடற்கரை ஊர். ஏழு நாள். கையில் இருநூறு டாலர். மீதிக்குக் கார்டு. என் போன் நம்பரை அங்கே உயிரோடு வைத்திருக்க ஆயிரத்துச் சில்லறை கேட்டார்கள். எதற்கு? சிம்மைக் கழற்றிப் பழைய போனில் போட்டு, பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டேன். ஓட்டலில் இலவச வைஃபை இருக்கிறதே, போதாதா? செண்பகவல்லிக்கும் ஒரு கார்டு வந்தது. அதற்கு வருஷக் கட்டணம் என்று போட்டான். ஒரே கணக்குக்கு இரண்டு கார்டு எதற்கு என்று திருப்பிக் கொடுத்துவிட்டேன்.

ஐந்து நாள் ஒரு குறையும் இல்லை மாப்பிள்ளை. அந்த ஊர்ப் பணம் டோங். நம் ஒரு ரூபாய்க்கு முந்நூறு டோங். ஒரு டீ முப்பதாயிரம். செண்பகவல்லி சிரித்துக்கொண்டே இருந்தாள். “லட்ச லட்சமாச் செலவழிக்கீக, மகராசன்” என்பாள். அப்படிச் சிரித்தவள்தான்.

ஆறாம் நாள், சனிக்கிழமை. காலை எட்டு மணிக்கு ஓட்டல் குளியலறையில் வழுக்கி விழுந்துவிட்டாள். வலது கையை ஊன்றி விழுந்திருக்கிறாள். மணிக்கட்டு எலும்பு விலகி, கை முள்கரண்டி மாதிரி வளைந்துவிட்டது. கத்தவில்லை. “இங்க வாங்க” என்று மட்டும் சொன்னாள்.

பக்கத்திலேயே கிளினிக். படம் எடுத்தார்கள். நர்ஸ் தன் போனில் அவர்கள் மொழியில் பேசி எங்களிடம் நீட்டினாள். போன் தமிழில் சொன்னது. நல்ல தமிழ், செய்தி வாசிக்கிற மாதிரி. எலும்பை நேராக்கி உள்ளே கம்பி வைக்க வேண்டும். அதற்கான மருத்துவர் சனிக்கிழமை பன்னிரண்டரை வரைதான் இருப்பார். அடுத்து திங்கட்கிழமை. எங்கள் விமானமோ ஞாயிறு இரவு. முன்பணம் பன்னிரண்டு மில்லியன் டோங். நம் கணக்கில் ஒரு கோடியே இருபது லட்சம். பயந்துவிடாதீர்கள், நாற்பதாயிரம் ரூபாய்தான். கார்டு தேய்க்கிற கருவி பழுது, ரொக்கம் வேண்டும் என்றது போன்.

அப்போது மணி ஒன்பது இருபது. மூன்று மணி நேரம் இருக்கிறது. மூன்று மணி நேரத்தில் நான் எங்கள் வங்கியில் இருநூறு பேருக்குப் பணம் கொடுத்திருக்கிறேன்.

“வாசல்லயே மிஷின் இருக்குங்க. வரும்போது பார்த்தேன்” என்றாள் செண்பகவல்லி. கையை மடியில் வைத்துக்கொண்டு, முகமெல்லாம் வேர்த்து.

இருந்தது. கார்டைப் போட்டேன். ஒரு தடவைக்கு இருபது லட்சம்தான் தரும் என்றது. அப்படியானால் ஆறு தடவை. தடவைக்கு ஐம்பதாயிரம் டோங் அவன் கட்டணம். நம் வங்கி தன் பங்குக்குத் தடவைக்கு நூற்றைம்பது ரூபாய். போதாக்குறைக்கு நூற்றுக்கு மூன்றரை. மனத்திலேயே கூட்டிப் பார்த்தேன். மூவாயிரத்து முந்நூறு ரூபாய் மாப்பிள்ளை! நம் பணத்தை நாம் எடுக்க. சம்மதமா என்று கேட்கிறான். எப்படிச் சம்மதம்? அதனால் அந்த மிஷினில் பணம் வரவில்லை.

“மிஷின் தரலையா, நீங்க வாங்கலையா?”

கேட்டீர்களா? அடுப்படியில் இருந்தாலும் காது இங்கேதான். 

கேளுங்கள், மூன்று மணி நேரம் இருக்கிறது என்று சொன்னேன் அல்லவா. கட்டணம் இல்லாத மிஷின் எப்படி இருக்கும் என்று வீடியோவில் பார்த்து வைத்திருந்தேன். பச்சைப் பலகை. இரண்டாவது மிஷின், அதுவும் கட்டணம் கேட்டது. ‘இல்லை’. மூன்றாவது, கட்டணம் இன்னும் அதிகம். நான்காவது மிஷினுக்கு ஆற்றுப் பாலம் தாண்டிப் போனேன். ‘இல்லை’. ஐந்தாவதாகப் பச்சைப் பலகை. கட்டணமே இல்லை! திரையில் பூஜ்யம் என்று பார்த்ததும் எனக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. இருபது லட்சம் என்று அழுத்தினேன். ‘உங்கள் வங்கியைத் தொடர்பு கொள்ளவும்.’ மறுபடி அழுத்தினேன். அதேதான்.

என்ன என்றால், ஒரு மணி நேரத்தில் ஐந்து மிஷினில் கார்டைப் போட்டுப் போட்டு எடுத்தால், திருடன் கையில் கார்டு இருப்பதாக நம் வங்கி நினைத்துக்கொள்ளும். கார்டைப் பூட்டிவிட்டான். ‘இது நீங்கள்தானா?’ என்று செய்தி அனுப்பியிருக்கிறான். எங்கே? சிம்முக்கு. சிம் பீரோவுக்குள். பீரோ சாவி இடுப்பில். நான் பாலத்துக்கு அந்தப் பக்கம்.

வங்கிமேல் தப்பில்லை. நானாக இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பேன். ஒரு தடவை ஒரு அம்மா பணம் எடுக்க வந்தாள். கையெழுத்து ஒத்துப்போகவில்லை. மகன் ஆஸ்பத்திரியில் கிடக்கிறான் என்றாள். கவுண்டருக்கு வருகிறவர்கள் எல்லோரும் அதைத்தான் சொல்வார்கள். கையெழுத்துச் சரியாகப் போடும் வரை தரவில்லை. மூன்று தாள் கிழித்துப் போட்டாள். கை நடுங்கினால் நான் என்ன செய்வேன்? ஒழுங்கு என்று ஒன்று இருக்கிறது.

அப்போது மணி பத்தே முக்கால். முதல் தடவையாகக் கொஞ்சம் படபடப்பாக இருந்தது. ஒரு காபிக் கடைக்குள் போனேன். காபி வாங்கினால்தான் வைஃபை. வாங்கினேன். சிங்கப்பூரில் அக்கா மகன் இளமாறன் இருக்கிறான். அவனைக் கூப்பிட்டேன்.

“மாமா, அத்தைக்கு இப்ப எப்படி இருக்கு?”

“அது இருக்கட்டும்டா. பணம் அனுப்பினா எவ்வளவு பிடிப்பான்?”

“மாமா, நான் அத்தையைக் கேட்டேன்.”

“கிளினிக்ல உட்கார்ந்திருக்கா. நீ பிடித்தம் எவ்வளவுன்னு சொல்லு. கம்மியா வேற வழி இருக்கா?”

“அது மூணு நாளாகும் மாமா. நீங்க வச்சிருங்க, நான் பாத்துக்கிறேன்” என்று வைத்துவிட்டான். இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குப் பொறுமை இல்லை. ஆனால் அனுப்பிவிட்டான். பத்து நிமிஷத்தில் ரசீது எண் வந்தது. எந்த ஏஜென்சியில் போய்ப் பணத்தை வாங்க வேண்டும், எந்தத் தெரு என்று படமும் அனுப்பினான். எதிர்த் தெருவில்தான்.

பதினொன்றே காலுக்கு அங்கே இருந்தேன். சின்ன அலுவலகம். குளிர்பதனம். இரண்டு கவுண்டர். பதினைந்து பேர் உட்கார்ந்திருந்தார்கள். சனிக்கிழமை பன்னிரண்டுக்கு அடைப்பு என்று பலகை. ரசீது எண்ணையும் பாஸ்போர்ட்டையும் கொடுத்தேன். கவுண்டரில் இருந்த பெண் வாங்கி வைத்துக்கொண்டு, உட்காருங்கள், கூப்பிடுகிறேன் என்று கையைக் காட்டினாள்.

உட்கார்ந்தேன். கவுண்டரில் போய் முட்டிக்கொண்டு நிற்கிறவனை எனக்குப் பிடிக்காது மாப்பிள்ளை. உள்ளே இருக்கிறவனுக்குத்தான் அந்த எரிச்சல் தெரியும். கூப்பிட்டால் வர வேண்டும். அதுவரை உட்கார வேண்டும். என் பேர் திருமேனிநாதன். நம் ஊர் தபால்காரரே திணறுவார். அந்தப் பெண் அதை எப்படிக் கொத்திக் குதறினாலும் பிடித்துக்கொள்ள வேண்டும் என்று காதைத் தீட்டி வைத்துக்கொண்டு இருந்தேன். திரு, திருமே, மேனி, எது வந்தாலும் எழுந்துவிடுவது என்று.

ஒவ்வொருவராகக் கூப்பிட்டாள். எல்லாம் அந்த ஊர்ப் பேர்கள். நடுவில் “மிஸ்டர் பாண்டியான்” என்றாள்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. பாண்டியன்! இந்தக் கும்பலில் நம் ஆள் ஒருத்தர் இருக்கிறார்! சுற்றிச் சுற்றிப் பார்த்தேன். யாரும் எழுந்திருக்கவில்லை. “மிஸ்டர் பாண்டியான்” என்று மறுபடி கூப்பிட்டாள். யாரப்பா இந்தப் பாண்டியன், மதுரைப் பக்கமா, திருநெல்வேலிப் பக்கமா, வெளியே பீடி பிடிக்கப் போயிருப்பாரோ என்று நானே எழுந்து போய் வாசலில் பார்த்தேன். ஆளைப் பிடித்தால் ஒத்தாசையாக இருக்குமே. வாசலில் யாரும் இல்லை. திரும்பி வந்து உட்கார்ந்தேன். மூன்றாவது தடவையும் கூப்பிட்டாள். என்ன மனிதன், பேரைக் கொடுத்துவிட்டு எங்கேயோ போய்விட்டானே என்று அந்தப் பெண்ணைப் பார்த்து, அவளுக்காகத் தலையைக்கூட ஆட்டினேன்.

சிரிக்கிறீர்கள். புரிந்துவிட்டது இல்லையா? எனக்குப் புரியவில்லையே.

எங்கள் அப்பா பேர் சங்கரபாண்டியன். பாஸ்போர்ட்டில் குடும்பப் பேர் என்று ஒரு கட்டம் கேட்டார்கள். நமக்கு ஏது குடும்பப் பேர்? ‘ச.’ என்று ஓர் எழுத்துதான் அறுபத்திரண்டு வருஷமாக முன்னால் நிற்கிறது. அதை விரித்துக் கட்டத்துக்குள் போட்டேன். பாஸ்போர்ட்டில் அதுதான் மேலே இருக்கும். அந்தப் பெண் மேலே இருப்பதைப் படித்திருக்கிறாள், அதிலும் பாதியை விழுங்கிவிட்டு. அப்பாவை ஊரில் யாரும் பாண்டியன் என்று கூப்பிட்டதில்லை. சங்கரம் என்பார்கள். அவர் போய் முப்பது வருஷமாகிறது.

பன்னிரண்டுக்கு ஐந்து நிமிஷம் இருக்கும்போது மனசு கேட்காமல் எழுந்து போனேன். அந்தப் பெண் பாஸ்போர்ட்டை எடுத்துப் படத்தையும் என்னையும் பார்த்தாள். “கால்ட், கால்ட்” என்று மூன்று விரலைக் காட்டினாள், மூன்று தடவை கூப்பிட்டாளாம். கம்ப்யூட்டரை மூடிவிட்டாளாம். கெஞ்சினேன் மாப்பிள்ளை. கையை மடக்கிக் காட்டி, என் மனைவி, கை என்று சைகை செய்தேன். அவள் பாவம்போல்தான் பார்த்தாள். ஆனால் திங்கட்கிழமை என்றாள். கவுண்டரில் நின்று கெஞ்சுவது எப்படி என்று எனக்குத் தெரியவில்லை. நான் அந்தப் பக்கமே இருந்துவிட்டேன். ஷட்டர் இறங்கியது.

வெளியே வெயில். கையில் மூன்று லட்சம் டோங் இருந்தது, ஆயிரம் ரூபாய். டாக்ஸிக்காரன் கிளினிக்குக்கு அறுபதாயிரம் கேட்டான். இருநூறு ரூபாய். பணமே இல்லாமல் போகிறவன் டாக்ஸியில் போய் என்ன ஆகப்போகிறது? நடந்தேன். பாலத்துக்கு இந்தப் பக்கமா அந்தப் பக்கமா என்று ஒரு இடத்தில் வழி தவறிவிட்டது. போய்ச் சேர ஒன்றே கால். மருத்துவர் சொன்னபடி பன்னிரண்டரைக்குப் போயிருந்தார். அவரைச் சொல்லிக் குற்றமில்லை, நேரம் என்றால் நேரம். கைக்கு அட்டை வைத்துக் கட்டி, ஊசி போட்டு வைத்திருந்தார்கள். அதற்கு இரண்டு லட்சம். அப்படியே ஊர் வந்து சேர்ந்தோம்.

இங்கே திருநெல்வேலியில் காட்டினேன். ஆபரேஷன் செய்துவிடலாம், காப்பீடு இருக்கிறது, ஒரு பைசா கட்ட வேண்டாம் என்றார்கள். ஒரு பைசா கட்ட வேண்டாம்! இவள் மாட்டேன் என்றுவிட்டாள். மாவுக்கட்டு போதும் என்றாள். கோணலாகவே சேர்ந்துவிட்டது. இப்போதும் ஒன்றும் கெட்டுப்போகவில்லை, திரும்ப நேராக்கலாம் என்கிறார்கள். அதற்கும் வேண்டாம் என்கிறாள். ஏன் என்று கேட்டால் அடுப்படிக்குப் போய்விடுகிறாள். எட்டு மாசம். இலவசமாகக் கிடைப்பதை ஒரு மனுஷி வேண்டாம் என்றால் அதற்கு நான் என்ன செய்வேன்? நீங்களே சொல்லுங்கள்.

காபி வந்துவிட்டது. வாங்கிக்கொள்ளுங்கள், சூடு, பார்த்து.

“தம்பி, டாக்டர் பன்னெண்டரைக்குப் போகலை.”

“என்ன சொல்லுத நீ?”

“ஒரு மணி வரைக்கும் இருந்தாரு தம்பி. இவுக பேரைச் சொல்லித்தான் என்னைக் கூப்பிட்டாங்க. எம் பாஸ்போர்ட்டுல பின்னாடி இவுக பேருதான இருக்கு. திருமேனின்னு சொன்னதும் நான் எந்திரிச்சுப் போயிட்டேன். மேசையில படுக்க வச்சாங்க. அவரு கையைக் கழுவி, உறையெல்லாம் மாட்டிட்டு வந்து நின்னாரு. ரூவா வந்துருச்சான்னு போன் தமிழ்ல கேட்டுச்சு. வந்துக்கிட்டு இருக்குன்னேன். பன்னெண்டரை ஆனதும் ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு உக்காந்துட்டாரு. ரூவாயைப் பொறவு கட்டிக்கலாம், மயக்க மருந்து குடுக்கணும், கையெழுத்துப் போட வீட்டுக்காரர் வந்தாப் போதும்னு போன் சொல்லுச்சு. நான் வாசலைப் பாத்துக்கிட்டே படுத்திருந்தேன். ஒரு மணிக்கு உறையைக் கழட்டிட்டு, என் தோளைத் தொட்டு என்னமோ சொல்லிட்டுப் போனாரு. அதைப் போன்ல சொல்லலை.”

“இதை ஏன் எங்கிட்டச் சொல்லலை செண்பகம்?”

“வேர்த்து ஊத்த உள்ள வந்தீக. வந்ததும், ‘நடந்தே வந்துட்டேன், டாக்ஸிக்கு அறுபதாயிரம் மிச்சம்’னீக. அதுக்கு மேல என்னத்தைச் சொல்ல? தம்பி, சீனி போதுமா? சுகந்தி பேர்ல ஒரு கார்டு வாங்கிக் குடுத்துக் கூட்டிட்டுப் போங்க.”

போய்விட்டாள்.

காபி ஆறுகிறது, குடியுங்கள்.

எனக்குத் தெரியாது மாப்பிள்ளை. சத்தியமாகத் தெரியாது. ஆள் வந்தால் போதும் என்றா சொன்னார்? டாக்ஸியில் என்றால் பத்து நிமிஷம். பன்னிரண்டு இருபதுக்குப் போயிருப்பேன். அவர் உறை மாட்டிக்கொண்டு வரும்போது நான் அங்கே நின்றிருப்பேன். கையெழுத்து. என் கையெழுத்து ஒரு நாளும் மாறினதில்லை.

இல்லை, நீங்கள் எழுந்திருக்காதீர்கள். இன்னும் என்னென்னமோ சொல்ல வேண்டும் என்று வைத்திருந்தேன். எந்தத் தெருவில் பச்சைப் பலகை என்று படம்கூடப் போட்டு வைத்திருக்கிறேன். அது கிடக்கட்டும்.

ஒரு உபகாரம் செய்கிறீர்களா? டம்ளரைக் கொடுக்கிற மாதிரி உள்ளே போங்கள். போய்ச் சொல்லுங்கள், காப்பீடு எல்லாம் வேண்டாம், மதுரையிலேயே பெரிய ஆஸ்பத்திரியாகப் பார்த்துப் போகலாமாம், முழுத் தொகையும் இவரே கட்டுகிறாராம் என்று. எவ்வளவு கேட்டாலும் சரியாம் என்று சொல்லுங்கள். நான் சொன்னால் எழுந்து அடுத்த வேலையைப் பார்க்கப் போய்விடுவாள். நீங்கள் சொன்னால் முழுசாகவாவது கேட்பாள்.

கேட்டுவிட்டு என்ன சொல்கிறாள் என்று பாருங்கள். நான் வரவில்லை. இங்கேயே உட்கார்ந்திருக்கிறேன். கூப்பிட்டால் வருகிறேன்.